அப்பத்தாவின் சர்க்கரை



இன்று நவம்பர் 14. பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் தினம். உலக நீரிழிவு நாளும் இதுவே. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பான்டிங் 1891ஆம் ஆண்டு பிறந்த நாள் இது. இந்த நாளில் மேடையேறுகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சோற்றைக் குறையுங்கள், காலையில் எழுந்து நடங்கள், இடுப்புச் சதையைக் கரையுங்கள் என்பார்கள். தேவையான பேச்சுதான். நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் பேச்சு பொருந்தும்.

நான் பேச வந்திருப்பது வேறொரு சர்க்கரையைப் பற்றி. ஒல்லியாக இருக்கிறவருக்கும் வருகிற சர்க்கரை. ஓடியாடி உழைக்கிறவருக்கும் வருகிற சர்க்கரை. பத்தொன்பது வயதில், இருபத்திரண்டு வயதில், கல்யாணப் பேச்சு தொடங்குகிற நேரத்தில் வருகிற சர்க்கரை. பாட்டியிடமிருந்து தகப்பனுக்கும், தகப்பனிடமிருந்து மகளுக்கும் ஒரே ஒரு மரபணுவின் வழியாக இறங்கி வருகிற சர்க்கரை. அந்த மகள் நான்.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் எம்.ஓ.டி.ஒய். இளவயதிலேயே வந்துவிடுகிற, ஆனால் பெரியவர்களின் சர்க்கரையைப் போல் நடந்துகொள்கிற நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இந்த வகை என்று கணக்கிடுகிறார்கள். சிறிய எண்ணிக்கையாகத் தோன்றலாம். பத்துக் கோடியில் ஒரு விழுக்காடு என்றாலும் பத்து லட்சம் பேர். இந்தப் பத்து லட்சம் பேரில் எத்தனை பேருக்குத் தங்கள் நோயின் பெயர் தெரியும்?

சாதாரணமாக நாம் பார்க்கும் இரண்டாம் வகைச் சர்க்கரையும் குடும்பத்தில் ஓடும். ஆனால் அதில் பல மரபணுக்கள் சேர வேண்டும், உடல் எடையும் உணவும் சேர வேண்டும். எம்.ஓ.டி.ஒய். அப்படியல்ல. நம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதிகள். ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. இந்த நோயில் இரண்டில் ஒன்று பழுதாக இருந்தாலே போதும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, ஆகவே இளையவனுக்கு வராது என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகப் பாதிக்குப் பாதி. ஆண், பெண் வேறுபாடும் கிடையாது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அப்பத்தா மெலிந்த உடம்புக்காரர். களையெடுக்கவும் நாற்று நடவும் போனவர். அவருக்குக் காலில் வந்த புண் ஆறாமலே உயிர் போனது. என் அப்பா நாள்தோறும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவர். முப்பது வயதுக்கு முன்பே சர்க்கரை. எங்கள் சின்ன வயதில் அப்பத்தா ஒன்று சொல்வார். "இந்தப் புள்ள ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது பாரு" என்பார். வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே, இந்த நோயின் ஒரு வகையில், சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விட்டுவிடும். அந்த வகை மரபணுப் பழுது உள்ளவர்களிடம் மருத்துவர்கள் தேடுகிற தடயங்களில் அதுவும் ஒன்று. எழுத்தறியாத என் அப்பத்தா அதைத் தரையைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஓர் அத்தை. அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. அந்த நேரத்தில் வரன் வந்தது. வீட்டில் என்ன செய்தார்கள்? நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ அதையே செய்தார்கள். மறைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து போன வீட்டில் அத்தை மாத்திரைகளை மல்லித்தூள் டப்பாவுக்குள் வைத்து, எல்லாரும் தூங்கிய பிறகு எடுத்து விழுங்கினார். மாத்திரை தீர்ந்தால் வாங்கி வர யாரிடம் சொல்வது? பிறந்த வீட்டுக்கு வருகிறபோது மட்டும் அப்பா வாங்கிக் கொடுத்தனுப்புவார். இடைப்பட்ட மாதங்களில் மாத்திரை இல்லை. ரத்தப் பரிசோதனை என்பதே இல்லை. கண் பரிசோதனைக்கு எங்கே போவது? நாற்பதுகளில் விழித்திரையில் ரத்தம் கசிந்து அத்தைக்குப் பார்வை போனது.

அந்த மறைப்பு அத்தையோடு நின்றதா? நிற்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தாகமும் இளைப்பும் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருத்துவர் முறையாகக் கேட்டார்: "குடும்பத்தில் யார் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது? எந்த வயதில் வந்தது?" என் அப்பா, "எனக்கு மட்டும்தான், அதுவும் வயசான பிறகு வந்தது" என்று பதில் சொன்னார். தங்கையின் வாழ்க்கை அவர் நாக்கில் இருந்தது. சொன்னால் எப்படியும் அவள் புகுந்த வீட்டுக்குப் போய்விடும் என்ற பயம். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு தங்கையைக் காப்பாற்ற நினைத்த அண்ணன் அவர். ஆனால் மருத்துவரின் கையிலிருந்த தாளில் என்ன பதிவானது? மெலிந்த பெண், இளவயது, குடும்பத்தில் குறிப்பிடத்தக்க வரலாறு இல்லை. அப்படியென்றால் முதல் வகை நீரிழிவு. அப்படியென்றால் வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஊசி. தவறான பதிலை வைத்து அந்த மருத்துவர் சரியான முடிவுக்கு எப்படி வர முடியும்?

ஆண்டுக்கணக்கில் நான் ஊசி போட்டுக்கொண்டேன். அத்தை பார்வை இழந்து எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்த பிறகுதான் வாய்கள் திறந்தன. அப்போது எனக்குச் சிகிச்சையளித்த ஓர் இளம் பெண் மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சர்க்கரை இருப்பவர்களுக்குக் கறுப்பு மை. அப்பத்தா கறுப்பு. அப்பா கறுப்பு. அத்தை கறுப்பு. நான் கறுப்பு. தலைமுறைக்குத் தலைமுறை, இடைவெளி இல்லாமல் மை இறங்கி வந்தது. எழுதியிருந்த வயதுகளைப் பார்த்தார்: முப்பதுக்குள், பத்தொன்பது, இருபது. "அம்மா, இது நாம் நினைத்த நோய் இல்லை போலிருக்கிறது" என்றார்.

இப்படிப்பட்ட குடும்பங்களை உலகம் எப்படி அடையாளம் கண்டது தெரியுமா? 1861இல் ஜெர்மானியக் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து ஒரு குடும்பம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்குக் குடியேறியது. அவர்களின் வழித்தோன்றல்களை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஃபஜான்ஸ் என்ற மருத்துவர் 1958 முதல் தொடர்ந்து கவனித்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட உறவினர்கள், ஆறு தலைமுறைகள். இளம் பிள்ளைகளுக்குச் சர்க்கரை வருகிறது, ஆனால் இன்சுலின் இல்லாமலே பலர் நன்றாக இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராபர்ட் டாட்டர்சால் என்பவர் 1974இல் இதே போன்ற மூன்று குடும்பங்களைப் பற்றி எழுதினார். இருவரும் சேர்ந்துதான் இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தார்கள். 1996இல் அந்த டெட்ராய்ட் குடும்பத்தின் மரபணுப் பழுதே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு குடும்பம் தன் தாத்தாவையும் பாட்டியையும் பெரியப்பாவையும் சின்னம்மாவையும் பற்றி மனம் திறந்து பேசியதால், ரத்தம் கொடுத்ததால், பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் அழைத்து வந்ததால் கிடைத்த அறிவு அது. அவர்கள் என் அப்பாவைப் போல் பதில் சொல்லியிருந்தால்?

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. அதைச் சொல்லாமல் போகக் கூடாது. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். 1985இல் அவரும் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் ஆகியோரும் இந்தியர்களிடையே இந்த நோய் இருப்பதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் ராதா வெங்கடேசன் போன்ற மரபணு அறிஞர்கள் தென்னிந்தியக் குடும்பங்களின் மரபணுப் பழுதுகளைத் தேடிக் கண்டறிந்தார்கள். இதற்காக லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை, நண்பர்களே. விடை நம் மாநிலத்திலேயே கிடைக்கிறது.

பெயர் தெரிந்தால் என்ன ஆகிவிடும், சர்க்கரை சர்க்கரைதானே என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. பெயர் மாறினால் மருந்து மாறுகிறது!

எனக்கிருப்பது எச்.என்.எஃப்-1 ஆல்ஃபா என்ற மரபணுவில் உள்ள பழுது. இந்த வகையில் கணையம் இன்சுலினைச் செய்யத் தெரியாமல் இல்லை. சாப்பிட்ட சர்க்கரையைக் கண்டு இன்சுலினை வெளியே விடும் வேலையில்தான் தடங்கல். சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை வகை அந்தத் தடங்கலைத் தாண்டிப் போய்க் கணையத்தைத் தூண்டுகிறது. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் இந்த வகைதான்; உங்களில் பலர் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர மருத்துவர்கள் 2003இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த மரபணுப் பழுது உள்ளவர்களுக்குக் கிளிக்லசைடு மாத்திரை மெட்ஃபார்மினைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமாக வேலை செய்தது. எனக்கு முதலில் ரத்தத்தில் சி-பெப்டைடு அளவு பார்த்தார்கள். என் கணையம் இன்னும் இன்சுலின் சுரப்பது தெரிந்தது. முதல் வகை நீரிழிவில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் எனக்கு இல்லை. பிறகுதான் மரபணுப் பரிசோதனை. விடை வந்த பிறகு, மருத்துவர் கண்காணிப்பில், ஊசி படிப்படியாகக் குறைந்து நின்றது. கால் பங்கு மாத்திரையில் தொடங்கினேன்.

இந்த இடத்தில் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கதையைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கு இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்! முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலின்தான் உயிர். நிறுத்தினால் சில நாட்களில் ரத்தம் அமிலமாகி உயிரே போகும். பரிசோதனை, மருத்துவர், கண்காணிப்பு, இந்த மூன்றும் இல்லாமல் ஒரு யூனிட்டைக்கூடக் குறைக்கக் கூடாது.

இன்னொரு வகை இருக்கிறது. குளுக்கோகைனேஸ் என்ற மரபணுவில் வரும் பழுது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அளந்து பார்க்கும் வேலை அதனுடையது. அது பழுதானால் கணையம், எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டுகிற தராசை நம்பும் கடைக்காரர் போலாகிவிடும். பிறந்தது முதல் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூறுக்கும் நூற்று ஐம்பதுக்கும் இடையிலேயே நிற்கும். ஏறாது, இறங்காது. இவர்களுக்கு மாத்திரை கொடுத்தாலும் பெரிதாக மாறாது. பெரும்பாலும் மாத்திரையே வேண்டியதில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த அளவிலேயே வாழ்ந்தவர்களைப் பரிசோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கண் பாதிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் அரிதாகவே இருந்தன. நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட முகாமில் ஒரு சிறுமிக்கு நூற்று இருபது என்று வருகிறது. அன்றிலிருந்து அவளுக்கு இனிப்பு இல்லை, பிறந்தநாள் கேக் இல்லை, மூன்று வேளை மாத்திரை. தேவையே இல்லாத ஒரு சிறை! அந்தச் சிறுமியின் தாயைப் பார்த்தால், தாய்க்கும் அதே நூற்று இருபது.

நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து ரத்தம் எடுக்கிறார்கள் அல்லவா, அந்தப் பரிசோதனையில்தான் இப்படிப்பட்ட பெண்களில் பலர் முதன்முதலாகத் தெரியவருகிறார்கள். தாயின் பழுது வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் இறங்கியிருந்தால் பிள்ளை சரியான எடையில் வளரும். இறங்காவிட்டால் பிள்ளை அளவுக்கு மேல் பருக்கும். ஆகவே ஸ்கேனில் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்த்துத்தான் சிகிச்சை. அதை முடிவு செய்ய மருத்துவருக்கு மரபணு தெரிய வேண்டும். மரபணுவைத் தேடத் தோன்ற, குடும்பக் கதை தெரிய வேண்டும்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு மட்டும் ஒன்று. பிறந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை வந்தால், அது பெரும்பாலும் முதல் வகை இல்லை, மரபணுவில் வந்தது. கணையத்தின் பொட்டாசியம் வாயிலில் வரும் பழுதுதான் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்பதை 2004இல் எக்ஸிட்டரின் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழு கண்டது. 2006இல் அப்படிப்பட்ட 49 பேரை இன்சுலினிலிருந்து மாத்திரைக்கு மாற்றிப் பார்த்தார்கள். 44 பேர் ஊசியை விட்டார்கள். பிறந்தது முதல் ஊசி குத்தியே வளர்ந்த பிள்ளைகள்! இப்படி ஒரு குழந்தை உங்கள் தெருவில் இருந்தால், மரபணுப் பரிசோதனை செய்தீர்களா என்று அந்தத் தாயைக் கேளுங்கள். கேட்பதில் என்ன தயக்கம்?

மாத்திரை கிடைத்துவிட்டது, கவலை தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். என் வகைச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், மற்ற எந்தச் சர்க்கரையும் செய்வதை எல்லாம் இதுவும் செய்யும். கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்தைத் தொடும். அத்தையின் கண்ணே சாட்சி. ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்கிறேன். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கிறேன். மூன்று மாதச் சராசரியைத் தவறாமல் பார்க்கிறேன். இந்த மாத்திரைக்கு என் உடம்பு அதிகமாகப் பணிவதால், லோ சுகர் ஆவதும் எளிது. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அதனால் கார்த்திகை விரதத்தை நான் விட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் வெட்கப்படாமல் முதலில் உட்கார்ந்துவிடுகிறேன். கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். அது இல்லாத இடத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யாராவது இப்படித் தடுமாறினால், குடித்திருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

உடம்பைவிட மனத்துக்குத்தான் பெரிய பாரம். "என்ன தின்னு இப்படி வரவழைச்சே?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! நான் எதையும் தின்று வரவழைக்கவில்லை. கருவிலேயே வந்தது. என் அப்பா கடைசிவரை, தான் என்னவோ தப்புச் செய்து மகளுக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். நல்லதைக் கொடுப்பதற்கும் இதைக் கொடுப்பதற்கும் எந்தப் பெற்றோர் கையிலும் தேர்வு இருந்ததில்லை. உங்கள் வீட்டில் இப்படிக் குமைகிற தகப்பன் இருந்தால், இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொன்னேன், ஆனால் தாமதமாகச் சொன்னேன்.

இனிக் கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். என் மகளுக்கும் இந்தப் பழுது இறங்கியிருக்கிறது. வரன் பார்க்கத் தொடங்கியபோது உறவில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "எதுக்குச் சொல்லணும்? மாத்திரைதானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்கள். அத்தை அந்த அறையிலேயே இருந்தார். எல்லாரும் பேசி முடித்த பிறகு, "சொல்லித்தான் ஆகணும்" என்றார் அத்தை. வேறெதுவும் சொல்லவில்லை. சொன்னோம். ஒரு வீட்டார் எழுந்து போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பயம் எல்லாருக்கும் உண்டு. இன்னொரு வீட்டார், "மருத்துவரைப் பார்த்துக் கேட்கலாமா?" என்றார்கள். இரு குடும்பமும் சேர்ந்தே போனோம். பிறக்கும் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதையும், கர்ப்பகாலத்தில் எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதையும், வந்தாலும் அதற்கு மருந்து உண்டு என்பதையும் அவர் பொறுமையாகச் சொன்னார். தை மாதத்தில் திருமணம்.

என் மகன் மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்கிறான். பதினெட்டு வயது கடந்தவன். தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அவன் உரிமை. ஆண்டுக்கொரு முறை ரத்தச் சர்க்கரை மட்டும் பார்க்கிறான். அதற்கு மேல் நான் வற்புறுத்துவதில்லை.

மரபணுப் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டியதில்லை. தாய்க்கும் தந்தைக்கும் அறுபதில் சர்க்கரை வந்து, உங்களுக்கு ஐம்பதில், எடை கூடியபோது வந்திருந்தால், உங்களுக்குச் சோறும் நடையும் பற்றிய அந்தப் பழைய பேச்சுதான். இளவயதில், மெலிந்த உடம்பில், தலைமுறை தவறாமல் வந்திருந்தால்தான் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும்.

வாசலருகே மேசையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாத்தா பாட்டியிலிருந்து தொடங்குங்கள். கட்டிக் கொடுத்த பெண்களை விட்டுவிடாதீர்கள். யாருக்குச் சர்க்கரை, எந்த வயதில் வந்தது, மெலிந்தவரா, ஊசியா மாத்திரையா என்று பக்கத்திலேயே குறியுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் அந்தப் பெண்ணிடமும் காட்டுங்கள். எழுதுவதில் சந்தேகம் இருப்பவர்கள் மேடைக்கு அருகில் வாருங்கள். அரங்கத்தைப் பூட்டும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.